ஒரு அடி பெரிய பேர்கோலா

என் தங்கச்சி வீட்டுப் பின்முற்றத்தில் பேர்கோலா கட்டி முடித்த அன்று நான் திரும்பத் திரும்ப "மாஷா அல்லாஹ்" சொன்னேன். அத்தனையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதுதான். ஒருவருடைய பொருளைப் பார்த்து மனம் எரிந்தால் கண்ணூறு பட்டுவிடும் என்பார்கள். அதற்கு மருந்து மாஷா அல்லாஹ். மருந்தை நான் பேர்கோலாவுக்குக் கொடுத்தேன். நோய் இருந்தது எனக்குள், அதனால் அது போகவில்லை.

பேர்கோலா என்றால் பெரிய விசயம் ஒன்றுமில்லை. நாலு தூண், மேலே இடைவெளி விட்டு அடுக்கிய சட்டங்கள். கூரையும் இல்லை, சுவரும் இல்லை. கலியாணத்துக்குப் பந்தல் போட வந்தவர்கள் வேயாமல் பாதியில் எழும்பிப் போய்விட்டார்கள் என்று நினைக்கலாம். தங்கச்சியின் மாப்பிள்ளை கட்டாரில் பல வருசம் கட்டட வேலை செய்தவர். அங்கே பணக்கார வீட்டுத் தோட்டங்களில் இதைக் கட்டிக் கட்டிக் கை பழகியவர். ஊரோடு வந்து இருக்கத் தொடங்கியதும் முதல் வேலையாகத் தன் வீட்டுக்கும் ஒன்றைக் கட்டினார்.

தன் வீடு என்று சொல்வது பேச்சுக்குத்தான். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். உம்மாவின் வளவு இரண்டாகி, ஒரு பாதியில் எனக்கும் மறு பாதியில் தங்கச்சிக்கும் வீடாயிற்று. கல்முனைக் கடற்கரைக்குக் கிட்ட, அலைச் சத்தம் கேட்கிற தூரம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். அந்த மதிலில், பின்முற்றப் பக்கமாக, கதவில்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. கடப்பு என்போம். பெண்கள் றோட்டுக்கு இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்வருவதற்காக விடுவது. சகோதரிமார் மதில் கட்டினால் கடப்பு விட்டுத்தான் கட்டுவார்கள். விடாமல் கட்டினால் அந்த வீட்டில் ஏதோ கோபம் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

முன்பு என் பக்கத்து முற்றத்தில் ஒரு வேம்பு நின்றது. அஸர் தொழுததும் தேத்தண்ணி அதன் கீழேதான். தங்கச்சி கடப்பால் வருவாள். அவளுடைய மாப்பிள்ளை லீவில் வந்து நின்றால் அவரும் வருவார். ஊற்றுகிறவள் நான், யாருக்குச் சீனி கூட, யாருக்குக் குறைய என்று தெரிந்தவள் நான். ஒரு மாரியில் வாடைக்காற்று அடித்த அடியில் வேம்பு வேரோடு சாய்ந்தது. குசினிக்கு மேல் விழாதது அல்லாஹ்வின் காவல். மரத்தை வெட்டி அகற்றிய பிறகு மதிலுக்கு இரண்டு பக்கமும் ஒரே மொட்டை வெயில். அவரவர் குசினியில் நின்றபடியே அவரவர் தேத்தண்ணியைக் குடித்தோம். அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. எனக்கு இல்லாதது அவளுக்கும் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் இந்தப் பேர்கோலா வந்தது. பனஞ்சட்டங்களைச் சீவி, எண்ணெய் பூசி, சூரியன் சாய்கிற பக்கம் பார்த்து நெருக்கமாக அடுக்கினார். மதிலில் ஏற்கெனவே படர்ந்து கிடந்த கொடித்தோடையைத் தூண் வழியாக மேலே ஏற்றிவிட்டார். அந்தக் கொடிக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? கச்சான் காற்று தொடங்குவதற்கு முன்பே பாதியை மூடிவிட்டது. கீழே குந்துவதற்கு இரண்டு வாங்கு, ஒரு சின்ன மேசை. நிழல் புள்ளி புள்ளியாக விழும். காற்று மேலாலும் வரும், பக்கத்தாலும் வரும். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும், நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இல்லாவிட்டால் நான் ஏன் எரியப் போகிறேன்?

பேர்கோலாவை மட்டும் என்றால் எப்படியாவது தாங்கியிருப்பேன். தாங்க முடியாமல் போனது வேறொன்று.

என் கணவர் வயல்காரர். ஊருக்கு மேற்கே வயல். சுபஹு தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் போனால் வெயில் ஏறத்தான் வருவார். வீட்டில் கதைப்பது குறைவு. குறைவு என்பதை மரியாதைக்குச் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். "கதைக்காமல் இருங்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே தொண்டை கெட்டவள். வீட்டுக்கு வந்தால் அந்த வசனத்துக்கு வேலையே இல்லை. சோறு, சாவி, கரண்ட் போயிட்டா, இவ்வளவும்தான் இவருடைய ஒரு நாள் கதை. பிறவியிலேயே வாய் குறைந்தவர் என்றுதான் கலியாணம் முடித்த காலத்திலிருந்து நம்பியிருந்தேன். நம்பியதால் வருத்தமும் இருக்கவில்லை. கிணற்றிடம் போய் ஏன் கதைக்கவில்லை என்று யாராவது கேட்பார்களா?

பேர்கோலா கட்டிய அந்தக் கிழமையில் ஒரு பின்னேரம், நான் குசினிக்கு வெளியே குந்தி மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஓர் ஆண் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். தங்கச்சியின் மாப்பிள்ளையின் சிரிப்பு எனக்குத் தெரியும், இது அதுவல்ல. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையில் செதிலோடு கடப்படிக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

சிரித்தது இவர்.

வாங்கில் ஒரு காலைத் தூக்கி மடித்து வைத்திருக்கிறார். கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறார். வயலுக்குள் வந்த யானையாக இருக்கலாம், தண்ணீர் திறக்கப் போன இடத்தில் நடந்த சண்டையாக இருக்கலாம், நான் போனபோது பாதிக் கதை முடிந்திருந்தது. தங்கச்சியின் மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார். தங்கச்சி கோப்பைகளோடு குசினி வாசலில் நின்று, "மறுகா? மறுகா என்ன நடந்த மச்சான்?" என்று கேட்கிறாள். பிறகு என்ன நடந்தது என்று இவர் சொல்கிறார். நீளமாகச் சொல்கிறார். என்னைக் கண்டதும் கதையை நிறுத்தவில்லை, ஆனால் மடித்து வைத்த காலைக் கீழே இறக்கினார்.

மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"என்ன கத அங்க, அவ்வளவு சிரிப்பு?"

"சும்மாதான்."

"சும்மாவா? அவ்வளவு நேரமும்?"

"ஓம், சும்மாதான். ஆணம் கொஞ்சம் ஊத்து."

அன்றைக்கு எனக்கு வந்ததன் பெயர் பொறாமை. கவலை, ஏக்கம் என்றெல்லாம் அதற்குப் பட்டுச் சேலை உடுத்திவிட நான் தயாரில்லை. உம்மா எனக்குக் கொடுத்தது ஓட்டு வீடு. தங்கச்சிக்குக் காலம் போய்க் கட்டியதால் கொங்கிறீட் தட்டுப் போட்ட வீடு. மூத்தவள் என்று விட்டுக்கொடுத்தேன். அவளுக்கு வெள்ளைத் தோல், எனக்கு இல்லை, அதையும் விட்டுக்கொடுத்தேன். இந்த ஒன்றை விட முடியவில்லை. என் மனிசனுக்கு வாய் இருக்கிறது, அது மதிலுக்கு அந்தப் பக்கத்தில்தான் திறக்கிறது என்றால் நான் இத்தனை வருசம் யாரோடு குடும்பம் நடத்தினேன்? இவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காலை மடித்து வைத்துக்கொண்டு என் முற்றத்தில் எனக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். அதற்கு நிழல்தான் வேண்டுமென்றால் நிழலை நான் கட்டுவேன்.

"நாமளும் ஒண்டு கட்டுவம்," என்றேன்.

"என்னத்துக்கு? அங்கதான் இரிக்கே," என்றார்.

அந்தப் பதில் போதுமாக இருந்தது. மறுநாள் காலையில் வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பனஞ்சட்டம் வேண்டாம், இரும்பு. அவளுடையதைப் பார்த்து எடுத்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"என்ன சைஸ் டீச்சர்?" என்றார்.

"அங்கால இரிக்கிறதவிட ஒரு அடி பெருசு."

"நீளமா, அகலமா?"

"ரெண்டுந்தான்."

"புலியப் பார்த்துப் பூன சூடு போட்ட கததான் இது," என்று இவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தார். வீட்டில் அவர் பேசிய நீளமான வசனம் அதுவாகத்தான் இருக்கும். அதுவும் எனக்கு ஏச்சு.

வெல்டிங்காரர் கடப்புக்குள் நாடாவை விட்டு அங்கால் அளந்தார், பிறகு இங்கால் அளந்தார், தலையைச் சொறிந்தார். "டீச்சர், ஒரு அடி கூட்டினா ஒரு தூண் கடப்புக்க வருது. குறைப்பமா?"

"குறைக்க ஏலா."

தூண் கடப்புக்குள் வந்தது. மிச்சமிருந்த இடைவெளியில் ஒரு ஆள் நேராகப் போக முடியாது. பக்கவாட்டாகத் திரும்பி, மூச்சை உள்ளே இழுத்து, மதிலை உரசிக்கொண்டு போகலாம். தேத்தண்ணித் தட்டத்தோடு போக முடியாது. ஒரு அடி பெரிது என்பதற்காக அது எனக்குப் பெரிய நட்டமாகத் தெரியவில்லை.

கூரை விசயத்தில்தான் தங்கச்சி வாயைத் திறந்தாள். எங்கள் பக்கத்து வானத்தை நம்ப முடியாது. பாதி வருசம் மேற்கிலிருந்து கச்சான் அனலாக வீசும், பாதி வருசம் வாடையும் மாரியும். இடையில் பின்னேரங்களில் நினையாத நேரத்தில் இடிமழை. ஆகவே மேலே வெளிச்சம் விடுகிற பிளாஸ்டிக் ஷீட் போட நினைத்தேன். வெளிச்சமும் வரும், நனையவும் மாட்டோம். தங்கச்சி தூணுக்கும் மதிலுக்கும் இடையில் முகத்தை வைத்துச் சொன்னாள்.

"ராத்தா, ஷீட் போடாதீங்க. கச்சானுக்கு அவிஞ்சி போவீங்க. சட்டத்த மட்டும் வெச்சி விடுங்க, கொடிய நான் அங்காலயும் திருப்பி விடுறன்."

"ஒன்ட கொடி ஒனக்கே இரிக்கட்டும்கா."

மழை வந்தால் அவளுடையதில் குந்த முடியாது. எனக்கு மட்டும் அந்த வசதி வந்துவிடக் கூடாது என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். பொறாமை எங்கே இருந்தாலும் எனக்கு உடனே மணக்கும்.

கட்டி முடிந்ததும் இரண்டு வீட்டையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். பாண் விற்கிற ஓட்டோவை மறித்து, மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கி அடுக்கினேன். தங்கச்சி கொஞ்சம் உடம்பானவள். கடப்புக்குள் பக்கவாட்டாக நுழைந்தாள், பாதியில் நின்றாள், சிரித்தாள், பின்னால் போனாள். பிறகு உள்ளே போய் அபாயாவைப் போட்டுக்கொண்டு, தன் கேற்றைத் திறந்து, றோட்டால் நடந்து, என் கேற்றைத் தட்டி வந்து சேர்ந்தாள். அடுத்த தடவையும் அப்படியே வந்தாள். அதற்குப் பிறகு, "ஒரு தேத்தண்ணிக்கு அபாயாவா ராத்தா? நீங்க இஞ்சால வாங்க," என்றாள். நான் ஏன் போகிறேன்?

கச்சான் முழு வேகத்தில் வீசுகிற காலம் அது. ஷீட்டுக்குக் கீழே ஆட்டிறைச்சியை வைத்தால் அடுப்பில்லாமல் வெந்திருக்கும். இவர் என்னுடைய முதல் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். கழுத்தைத் துடைத்தார். மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், எழும்பினார். வரம்பில் நடந்து நடந்து மெலிந்த உடம்பு. தூணுக்குப் பக்கத்தில் லேசாகத் திரும்பினார், அங்கால் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சிரிப்புக் கேட்டது.

நான் எழும்பவில்லை. கையில் ஒரு விசிறியை எடுத்துக்கொண்டு அந்தச் சூளைக்குள் அப்படியே இருந்தேன். வியர்வை முதுகால் ஓடியது. அவர்கள் எட்டிப் பார்த்தால் நான் சுகமாக இருப்பது தெரிய வேண்டும். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாளும் இருந்தேன், அதற்கு அடுத்த நாளும் இருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கரண்டி கோப்பையில் தட்டுகிற சத்தம், "மறுகா?" என்கிற சத்தம், இவருடைய குரல். சொற்கள் ஒன்றும் விளங்காது, குரல் மட்டும் வரும். என் புருசன் கதைப்பதை நான் பக்கத்து வீட்டு ரேடியோ கேட்பதைப் போலக் கேட்டேன்.

அந்தக் கொடித்தோடை வேறு சும்மா இருக்கவில்லை. மதிலைத் தாண்டி என் தூணைப் பிடிக்க நூல் நூலாகச் சுருள் விட்டது. வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் ஜும்ஆவுக்குப் போன பிறகு தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து அத்தனையையும் வெட்டினேன். என் மனிசனைப் பிடித்தது போதும்.

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை மழை. மழை பெய்தால் சட்டங்களுக்கிடையால் அவர்கள் தலையில் ஊற்றும். மூன்று பேரும் எழும்பி ஓடிவர வேண்டும், என் ஷீட்டைத் தவிர வேறு இடமில்லை. அதை நினைக்க நினைக்க மனம் குளிர்ந்தது. ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுக் கையை ஏந்தி மழை கேட்டேன். மனமுருகிக் கேட்டேன்.

நான் எந்த நாளில் கேட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். சிறுபோகம் வெட்டி முடித்த நேரம். எங்களுடைய நெல் ஈரத்தோடு வந்து, வீட்டுக்கு முன்னால் றோட்டு ஓரத்தில் விரித்த படங்குகளில் காய்ந்துகொண்டிருந்தது. எங்களுடையது மட்டுமல்ல, அந்த வீதி முழுக்க யாருடையதோ நெல். ஊர் முழுக்க வானத்தை அண்ணாந்து பார்த்து "இன்னும் நாலு நாள் தாங்கினால் போதும்" என்று கேட்டுக்கொண்டிருந்தது. வயல்காரன் பெண்சாதி நெல் காயப் போட்டுவிட்டு மழை கேட்பதைப் போல ஒரு மடத்தனம் இந்தக் கரையில் வேறு இருக்க முடியாது. ஆனால் கேட்கும்போது எனக்கு நெல் ஞாபகத்திலேயே இல்லை. அவர்கள் மூன்று பேரும் நனைந்துகொண்டு ஓடிவருவதுதான் கண்ணுக்குள் நின்றது.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு பின்னேரம், மேற்கே வயல் பக்கம் கறுத்தது. கச்சான் திடீரென்று நின்றது. வெக்கை அப்படியே மூச்சை அடைத்தது. முதல் இடி கேட்டதும் நான் கேத்தலை அடுப்பில் வைத்தேன், நாலு பேருக்குத் தேயிலை போட்டேன். முதல் துளி ஷீட்டில் விழுந்து "டக்" என்றது. சந்தோசத்தில் வெளியே ஓடிவந்து கடப்பைப் பார்த்து நின்றேன். இவர் தூணுக்குப் பக்கத்தால் புகுந்து வந்தார். வந்தவர் என் பேர்கோலாவுக்குக் கீழே நிற்கவில்லை. "நெல்லு! நெல்லு!" என்று கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி றோட்டுக்கு ஓடினார்.

அப்போதுதான் எனக்கு நெல் ஞாபகம் வந்தது.

பிறகு நடந்ததை யார் யார் என்ன செய்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் இரண்டு கையாலும் நெல்லை அள்ளிச் சாக்கில் கொட்டினேன். தங்கச்சியின் மாப்பிள்ளை சாக்குகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடினார். தங்கச்சியும் வந்தாள். தேத்தண்ணிக்கு வர அபாயா தேடியவள், வீட்டுச் சட்டையோடு, தலையில் ஒரு துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு, செருப்புக் கூட இல்லாமல் றோட்டுக்கு இறங்கிவிட்டாள். சாக்குகளை வைக்க எங்கே இடம்? ஓட்டு வீட்டுக்குள் இருந்த இடம் உடனே நிரம்பியது. மிச்சமெல்லாம் என் பேர்கோலாவுக்குக் கீழே வந்தது. தங்கச்சி தன் வீட்டு வெறும் படங்கு ஒன்றைச் சுருட்டிக் கடப்பால் தர முயன்றாள். அது தூணில் முட்டி நின்றது. "இந்தத் தூணுக்கு ஒரு கேடு வராதா!" என்று கத்திவிட்டு, திரும்பவும் றோட்டைச் சுற்றி ஓடிவந்தாள்.

கொஞ்சம் நனைந்தது. பெரும் பகுதி தப்பியது. கடைசிச் சாக்கும் வந்து சேர்ந்தபோது நாலு பேரும் ஷீட்டுக்குக் கீழே நனைந்த கோழிகள் மாதிரி நின்றோம். நான் துஆவில் கேட்டது அப்படியே கிடைத்திருந்தது. குந்த மட்டும் ஓர் இடமில்லை. கேத்தலில் வைத்த தண்ணி கொதித்து வற்றிப் போயிருந்தது. ஷீட்டில் மழை அடித்த சத்தத்தில் ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்கவில்லை. இவர் அண்ணாந்து ஷீட்டை நல்லாகப் பார்த்தார். என் காதுக்குக் கிட்ட வந்து, "நல்ல வேல," என்றார்.

அந்த இரண்டு சொல்லுக்கு நான் மகிழ்ந்து போனேன். மகிழ்ந்தது தப்பு. அடுத்த நாள் காலையில் வெயில் வந்ததும் இவர் நெல்லை என் பேர்கோலாவின் சீமெந்துத் தரையில் பரப்பினார். ஷீட்டுக்குக் கீழே அந்த வெக்கையில் நெல் றோட்டில் காய்வதைவிடச் சுறுக்காகக் காய்ந்தது. பின்னேரம் மழை தூறினாலும் பயமில்லை. பார்க்க வந்த வயல்காரர் எல்லாரிடமும், "நெல்லுக்கெண்டே கட்டின மாதிரி இரிக்கி," என்று சொன்னார். மில்லுக்குக் கொண்டுபோக லொறி வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. நெல் நின்றது. கோழியும் காகமும் பார்க்க இவர் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு நெல்லோடு இருந்தார்.

ஆக, அவர் கடைசியில் என் முற்றத்துக்கு வந்துவிட்டார். என்னோடல்ல, நெல்லோடு. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். "கோழி," என்பார். நான் கோழியைத் துரத்துவேன். சகலனோடு போட்டி போடலாம், தங்கச்சியோடு போட்டி போடலாம், நெல்லோடு யார் போட்டி போடுவது? ஒரே ஒரு ஆறுதல், அந்தப் பக்கத்து வாங்குகளும் பின்னேரம் பின்னேரம் நனைந்து வெறுமையாகக் கிடந்தன. தங்கச்சி குசினி வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பது கடப்பால் தெரியும். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கவில்லை.

பிறகு ஒரு பின்னேரம் நல்ல மழை பிடித்தது. நெல்லையெல்லாம் கூட்டிச் சாக்கில் கட்டியாயிற்று. இவர் கதிரையில். எனக்குக் கதிரை இல்லாததால் ஒரு நெல் சாக்கின் மேல் ஏறிக் குந்தினேன். இருவர் கையிலும் கோப்பை. ஷீட்டின் மேல் மழை கல்லைக் கொட்டுவதைப் போலக் கொட்டியது. கடல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

அப்போது இவருடைய வாய் அசைந்தது.

கோழி என்றுதான் நினைத்தேன். சுற்றிப் பார்த்தேன், கோழி இல்லை. திரும்பிப் பார்த்தால் வாய் இன்னும் அசைகிறது. பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. இவர் ஒரு காலைத் தூக்கிக் கதிரையில் மடித்து வைத்தார். கோப்பை இல்லாத கையை நீட்டி ஏதோ ஓர் உயரத்தைக் காட்டினார். பிறகு அந்தக் கையாலேயே எதையோ தள்ளினார். கண் என்னிலேயே இருந்தது.

ஒரு சொல் கேட்கவில்லை எனக்கு. ஒரு சொல்லும்.

"கேக்கல்ல, சத்தமாச் சொல்லுங்க!" என்று வாய் வரை வந்தது. காலமெல்லாம் வகுப்பில் சொன்ன வசனம், தானாகவே வரும். அதை விழுங்கினேன். எனக்கு இவரைத் தெரியும். திருப்பிக் கேட்டால், "சும்மாதான்," என்று சொல்லிக் காலை இறக்கிவிடுவார். அதனால் தலையாட்டினேன். அவர் புருவத்தை உயர்த்தியபோது நானும் உயர்த்தினேன். அவர் சிரித்தபோது நானும் சிரித்தேன். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், உதட்டை நல்லாக அசைத்து, "மறுகா?" என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார். பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொன்னார். நீளமாகச் சொன்னார். தேத்தண்ணி ஆறிப் போனது, இருவரும் அதைக் குடிக்கவில்லை.

மழை மெலிந்தபோது கதையும் முடிந்திருந்தது. அவர் ஆறிய தேத்தண்ணியை ஒரு மடக்கில் குடித்துவிட்டு, வாய்க்காலில் தண்ணி எப்படியென்று பார்க்க மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் சாக்கின் மேலேயே இருந்தேன். யானையா, சண்டையா, என்னைப் பற்றியா, எதுவென்று யோசித்தேன்.

கடப்புக்குள் ஒரு முகம் வந்தது. தங்கச்சி. ஒரு பக்கம் தூண், ஒரு பக்கம் மதில், நடுவில் நெருங்கிப்போன அவள் முகம்.

"ராத்தா, மச்சான் அப்பிடி என்னத்தக் கதச்ச? குசினிக்கிருந்து பார்த்துக்கிட்டுத்தான் நிண்டன். கைய ஆட்டி ஆட்டி, அவ்வளவு நேரம். எங்களுக்கு ஒரு சொல்லும் கேக்கல்ல."

அந்த முகத்தில் இருந்ததை எனக்கு நல்லாகத் தெரியும். கையில் மீன் செதிலோடு அதே இடத்தில் நின்ற அன்று என் முகத்தில் இருந்ததும் அதுதான்.

"சும்மாதான்," என்றேன்.

"சும்மாவா? அவ்வளவு நேரமும்?"

"ஓம்கா, சும்மாதான்."

இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். இவர் அன்றைக்கு என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியாது என்பது தங்கச்சிக்கும் இன்றுவரை தெரியாது.